தாத்தா ஊளையிட்டார்... உப்பளத்துக்கு அப்பால் யார் பதில் சொன்னது?

இரவு பத்தரை மணி. ஆறுமுகநேரி உப்பள வரப்பில் நின்றபடி 74 வயதுப் பெரியவர் ஒருவர் தன் பல்செட்டைக் கழற்றி, சட்டைப்பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டார்.

"இதோட சேராது பிள்ளே. ஊளை நடுவுல பல்லு கழண்டு பாத்தியில விழுந்தா யாரு தேடுதது?"

பக்கத்தில் நின்ற பேத்திக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். 57 வருடங்களாக ஊளையிடாதவர் இன்றைக்குத்தான் சம்மதித்திருக்கிறார். சிரித்து, அவர் மனசு மாறிவிட்டால்?

பேத்தி திருநெல்வேலியில் விலங்கியல் முதுகலை படிக்கிறாள். கடைசி வருடப் புராஜெக்ட்டுக்கு அவள் எடுத்துக்கொண்ட கேள்வி ரொம்பச் சின்னது. ஆறுமுகநேரி, காயல்பட்டினம், ஆத்தூர் பக்கத்தில் நரி இன்னும் இருக்கிறதா, இல்லையா? ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வந்தது. "முன்னெல்லாம் கெடந்துச்சு. இப்போ எங்க?" 'இப்போ எங்க' என்பதைப் புராஜெக்ட்டில் எழுத முடியாது. இருக்கிறது என்று சொல்லவும், இல்லை என்று சொல்லவும் ஆதாரம் வேண்டும்.

நரியைக் கண்ணால் பார்த்து எண்ணுவது லேசான வேலை இல்லை. பகலில் உடைமரப் புதருக்குள் படுத்துக் கிடக்கும். இருட்டிய பிறகுதான் நண்டு, எலி, பனம்பழம், செத்த மீன் என்று கிடைத்ததைத் தின்னக் கிளம்பும். மனித வாடை பட்டால் ஒதுங்கிவிடும். ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. கூப்பிட்டால் பதில் சொல்லிவிடும்.

நரி ஊளையிடுவதை நாம் ஏதோ ஒப்பாரி மாதிரி நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது வேலி. நரிகள் ஜோடியாக வாழ்பவை. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓர் இடத்தைப் பிடித்து, முந்தைய ஈற்றுக் குட்டிகளில் சிலவற்றையும் கூட வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தும். பொழுது சாய்ந்ததும், விடிவதற்கு முன்பும் குடும்பத்தோடு ஊளையிட்டு 'இது எங்க இடம்' என்று அறிவிக்கும். அந்த இடத்துக்குள்ளிருந்து ஓர் அந்நிய ஊளை கேட்டால் பல நேரம் சும்மா இருக்காது. பதில் கொடுக்கும். பதில் கொடுத்த நொடியில், தான் எங்கே இருக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறது.

அமெரிக்காவில் கயோட்டி என்று நரியின் தூரத்து உறவு ஒன்று இருக்கிறது. அங்கே வேட்டைக்காரர்கள் முந்தைய நாள் இரவே காட்டோரம் போய் ஊளையிடுவார்கள். சிலர் வாயால், சிலர் ஊதுகுழலால், சிலர் ஸ்பீக்கரால். சைரன் சத்தத்துக்குக்கூட கயோட்டி பதில் சொல்லும். எந்தத் திசையில் பதில் வந்தது என்று குறித்துக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பி, விடியற்காலையில் துப்பாக்கியோடு அங்கே போய் உட்கார்ந்துவிடுவார்கள். பதில் சொன்னதுதான் அது செய்த தப்பு.

இதே வித்தையை ஆராய்ச்சியாளர்கள் எண்ணிக்கைக்குப் பயன்படுத்துகிறார்கள். பங்களாதேஷில் நரிகள் எந்தப் பருவத்தில் அதிகம் பதில் சொல்கின்றன என்று ஆராய்ந்த கட்டுரை 1996-ல் வெளியானது. கிரீஸில் 2000-களின் தொடக்கத்தில் நாட்டில் மிச்சமிருக்கும் நரிக் குடும்பங்களை இப்படி ஊளையிட்டுத்தான் கணக்கெடுத்தார்கள். அரை நிமிட ஊளை, சில நிமிட மௌனம், மறுபடி ஊளை. அவ்வளவுதான் முறை.

கனடாவின் அல்கோன்குவின் பூங்காவில் நடப்பது இன்னும் அழகு. 1963 முதல் அங்கே ஆகஸ்ட் மாதத்தில் பொதுமக்களை இரவில் அழைத்துப் போய் ஓநாய் ஊளையைக் கேட்க வைக்கிறார்கள். அதற்கு முந்தைய இரவே பூங்கா ஊழியர்கள் போய் ஊளையிட்டுப் பார்ப்பார்கள். ஓநாய்க் கூட்டம் இருக்கும் இடம் தெரிந்தால்தான் மறுநாள் நிகழ்ச்சி. வேட்டைக்காரர் செய்யும் அதே வேலைதான். மறுநாள் வருபவர்களின் கையில் துப்பாக்கி இருக்காது, தோளில் குழந்தை இருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் பேத்தி மாசி மாதத்தில் ஊருக்கு வந்தாள். நரிகள் ஜோடி சேரும் காலம், பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம். கையில் ஒரு புளூடூத் ஸ்பீக்கர். போனில் இறக்கிய நரி ஊளை. முதல் நாள் இரவு தம்பியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய், ஊருக்கு வெளியே நின்று ஒலிக்கவிட்டாள். பதில் வந்தது. ஊரில் இருக்கிற அத்தனை நாயும் பதில் சொன்னது. கடைசியில் ஒரு வீட்டு மாடியில் லைட் எரிந்து, "எவம்லே அது?" என்று ஒரு குரலும் வந்தது. அந்தக் குரல் ஓய்வதற்குள் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் காலையில் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தாத்தா, தலையைத் தூக்காமல் கேட்டார். "காத்து எந்தப் பக்கமிருந்து அடிச்சுது?"

அவளுக்குத் தெரியவில்லை.

"நின்ன எடத்துலயிருந்து எத்தன தப்படியில வீடு?"

அதுவும் தெரியவில்லை.

அடுப்படியிலிருந்து ஆச்சி எட்டிப் பார்த்தாள். "ஏளா, ஒங்க தாத்தாட்ட கேளு. அந்தக் காலத்துல இவுக ஊளையிட்டா நரியே ஏமாந்து போவுமாம். எங்க ஐயா சொல்லுவாக."

தாத்தா பேப்பரை மடித்து வைத்தார். எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, காலைச் சாப்பாடு சாப்பிடாமலே வெளியே போனார். ஆச்சி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் ஏன் அப்படிப் போனார் என்பது பேத்திக்கு அன்று சாயங்காலம்தான் தெரிந்தது. அவரே சொன்னார். திண்ணையில் உட்கார்ந்து, முற்றத்தைப் பார்த்தபடி.

அவர் சிறுவனாக இருந்த காலத்தில், பொங்கல் கழிந்ததும் ஆறுமுகநேரி ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நரிக்குறவர் குடும்பங்கள் வந்து தங்குமாம். பாசிமணி, ஊசி விற்பார்கள். ராத்திரியில் நரி பிடிக்கப் போவார்கள். கம்பளியால் உடம்பை மூடிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒருவர் ஊளையிட, நரி தேடிக்கொண்டு வந்து வலையில் விழும். இது கட்டுக்கதை இல்லை. 1909-ல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய ஏழு தொகுதி நூலிலேயே அவர்களின் இந்தத் திறமை பதிவாகியிருக்கிறது. பெயரிலேயே நரியைச் சுமந்த அந்தச் சமூகத்தைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேற 2022 டிசம்பர் ஆகிவிட்டது என்பது தனிக் கதை. (இடையில் ஒன்று. 'நரிக்கொம்பு' என்று யாராவது நீட்டினால் வாங்கிவிடாதீர்கள். ஆட்டுக்கு இருப்பது மாதிரி நரிக்குக் கொம்பு முளைப்பதில்லை. அதன் பேரால் செத்த நரிகள்தான் உண்டு.)

அப்படி வந்தவர்களில் ஒரு பெரியவர், சும்மா சுற்றிக்கொண்டிருந்த இந்தப் பையனுக்கு ஊளையைக் கற்றுக்கொடுத்தார். "வாயில இருந்து வராது சாமி, வயித்துல இருந்து வரணும்" என்பாராம். முதலில் நீளமாக ஒரு இழுப்பு. அடுத்தது அதைவிடக் கொஞ்சம் மேலே. அதற்கடுத்தது இன்னும் மேலே. உச்சிக்குப் போனதும் குரலை உடைத்துச் சின்னச் சின்னக் கத்தலாகச் சிதறவிட வேண்டும். அந்த உடைசலில்தான் நரிக்கும் நாய்க்கும் வித்தியாசம். நாய் இழுக்கும். நடுநடுவே குரைத்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பையனுக்கு 15 வயதாகும்போது அவன் ஊளைக்குச் சுற்றுவட்டாரத்தில் பெயர் வந்துவிட்டது. கடலைக்கொடியைக் கிளறுகிறது, ஆட்டுக்குட்டியைத் தூக்குகிறது என்று யாராவது வந்து கூப்பிடுவார்கள். இரவில் போய் ஊளையிட வேண்டும். நரி பதில் சொன்னதும் இரண்டு பேர் இரண்டு வரப்பில் நின்றபடி, சத்தம் வந்த திசையைப் பார்த்துத் தரையில் ஆளுக்கொரு பனைமட்டையை வைப்பார்கள். விடிந்ததும் இரண்டு மட்டையும் காட்டுகிற நேரில் நடந்தால், அந்த இரண்டு நேரும் சந்திக்கிற இடத்தில் நரிப்பொந்து இருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போகாதவர்கள் கண்டுபிடித்த கணக்கு. இன்றைக்கு ஆராய்ச்சியாளர்கள் திசைகாட்டியை வைத்துச் செய்வதும் இதேதான்.

1967 சித்திரையில் அவருடைய பெரியப்பாவின் ஆட்டுக்கிடையிலிருந்து இரண்டு குட்டிகள் போயின. பெரியப்பா வந்து கூப்பிட்டார். 17 வயதுப் பையன் பெருமையோடு போனான். ஊளையிட்டான். இரண்டாவது ஊளைக்கே பதில் வந்தது. ஒரு கூட்டமே பதில் சொன்னது போலிருந்ததாம். பத்து, பன்னிரண்டு இருக்கும் என்று நினைத்தான். (நாலு நரி சேர்ந்தாலே பத்து நரி மாதிரிதான் கேட்கும்.) மட்டைகளை வைத்தார்கள். வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டான்.

மறுநாள் அந்தப் பக்கம் கறியில் விஷம் வைத்தார்கள். அதற்கு மறுநாள் காலையில் வேடிக்கை பார்க்கப் போன கூட்டத்தில் அவனும் போனான். ஐந்து நரிகள் செத்துக் கிடந்தன. அவற்றைக் கொத்த வந்த காக்கைகளும் கிடந்தன. கிடையைக் காத்த நாய் ஒன்றும் கிடந்தது. ஐந்தில் ஒன்று பெண் நரி. மடி பாலால் வீங்கியிருந்தது.

"அப்போகூட எனக்கு ஒண்ணும் தோணல்ல. ராத்திரிதான் கேட்டுது" என்றார் தாத்தா.

குட்டிகளின் குரல். உடைமரக் காட்டுக்குள்ளிருந்து மெல்லிசாக வந்துகொண்டிருந்தது. அவன் பெரியப்பாவிடம் போய்ச் சொன்னான். "கெடக்கட்டும்லே" என்றார் அவர். இரண்டாவது இரவும் கேட்டது. ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு தேடிப் போனான். அவன் காலடிச் சத்தம் கேட்டதும் குரல் நின்றுவிட்டது. பொந்து எங்கே என்று தெரியவில்லை. கூப்பிட்டால் பதில் சொல்லும், இடம் தெரியும் என்று அவனுக்குத் தெரியும். வாயைத் திறந்தான். வரவில்லை.

மூன்றாவது இரவு எதுவும் கேட்கவில்லை.

"ஐஞ்சும் என்கிட்ட பதில் சொல்லித்தான் செத்துச்சு பிள்ளே. நான் நரின்னு நெனச்சுதான் சொல்லிச்சு."

பேத்தி ஒன்றும் பேசவில்லை. அன்று நடந்தது சட்டப்படி குற்றம்கூட இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1972-ல்தான். இன்றைக்கு நரியைக் கொல்வது மட்டுமில்லை, விஷம் வைப்பது, கண்ணி வைப்பது, பிடிப்பது எல்லாமே அந்தச் சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். ஆனால் அந்தத் திண்ணையில் சட்டத்தைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது?

"நான் ஒங்கள ஊளையிடச் சொல்லல்ல தாத்தா. எங்க நிக்கணும்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "இருக்குன்னு தெரிஞ்சா என்ன செய்வ?"

"இருக்குன்னு எழுதுவேன்."

"எழுதினா?"

"இல்லன்னு நெனச்சுதான தாத்தா ரோடு போடுதாவ, குப்பை கொட்டுதாவ. இருக்குன்னு எழுத்துல இருந்தா, அடுத்து யாராவது கேக்கவாவது செய்வாங்க."

அந்தப் பதில் அவருக்குத் திருப்தியா என்று தெரியாது. அவளுக்கே முழுத் திருப்தி இல்லை. ஆனால் மறுநாள் இரவுச் சாப்பாடு முடிந்ததும், "காத்து நின்னுட்டு. வா" என்று அவரே கிளம்பினார். போகிற வழியில் கீழே கிடந்த பனைமட்டை ஒன்றையும் எடுத்துக்கொண்டார். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

உப்பளம் அந்த நேரத்தில் ஒரு தனி உலகம். தூரத்தில் சாகுபுரம் ஆலையின் விளக்கு வெளிச்சம். பாத்தித் தண்ணீரில் நட்சத்திரம். பனையோலை வேய்ந்த உப்பு அம்பாரங்கள் இருட்டில் படுத்திருக்கும் மாடுகள் மாதிரி தெரிந்தன. இன்னும் நாலைந்து மணி நேரத்தில் உப்பு வார ஆட்கள் வந்துவிடுவார்கள். அதற்குள் முடிக்க வேண்டும்.

தாத்தா பேத்தியை முந்நூறு தப்படி தள்ளி இன்னொரு வரப்பில் நிற்கச் சொன்னார். சத்தம் வந்தால் தலையைத் திருப்பாதே, உடம்போடு திரும்பு என்றார். வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு கேள் என்றார். ஒரு இடத்தில் மூன்று ஊளைக்கு மேல் கூடாது என்பதையும் அவரே சொன்னார். அவளுடைய பேராசிரியரும் அதைத்தான் சொல்லி அனுப்பியிருந்தார். திரும்பத் திரும்ப ஊளையை ஒலிக்கவிட்டால், தன் இடத்துக்குள் எதிரி புகுந்துவிட்டதாக நினைத்து நரி அலைக்கழியும். குட்டி இருக்கிற நேரமென்றால் இன்னும் மோசம். போனில் நரி ஊளையைப் போட்டு வீடியோ எடுக்கலாமே என்று இதைப் படிக்கிற யாருக்காவது தோன்றினால், தயவுசெய்து வேண்டாம்.

பல்செட் சட்டைப்பைக்குள் போனது. தாத்தா இரண்டு கையையும் வாயருகே குவித்தார்.

முதல் ஊளை பாதியில் இருமலாக முடிந்தது. சற்று நேரம் நின்றார். இரண்டாவது ஊளை எழும்பியது. நீளமாக, அதற்குமேல் ஒன்று, அதற்கும்மேல் ஒன்று, உச்சியில் உடைந்து சிதறல். இருட்டில் முந்நூறு தப்படி தள்ளி நின்ற பேத்திக்குக் கையில் மயிர்க்கூச்செறிந்தது. அது தாத்தா என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஓர் அடி பின்னால் வைத்தாள்.

ஊர்ப்பக்கம் நாய்கள் ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு, பிறகு பத்து. அவை அடங்க ஆறேழு நிமிடம் ஆனது. அடங்கிய பிறகும் எதுவும் இல்லை. ஒரு லாரி எங்கேயோ கியர் மாற்றியது.

மூன்றாவது ஊளை. இதுதான் கடைசி.

மறுபடி நாய்கள். மறுபடி அமைதி. பேத்தி போனில் நேரத்தைப் பார்த்தாள். நாலு நிமிடம் ஆகியிருந்தது. அவ்வளவுதான் என்று நினைத்துத் தாத்தாவை நோக்கி நடக்கலாம் என்று காலை எடுத்தபோது கேட்டது.

ஒரே ஒரு குரல். நீளமான இழுப்பு. அதைவிட மேலே ஒன்று. அதற்குள் இன்னொரு குரல் வந்து அதோடு சேர்ந்தது. இரண்டும் உச்சிக்குப் போய், ஒன்றாக உடைந்தன.

அவள் உடம்போடு திரும்பினாள். நடுங்குகிற கையால் போனில் திசைகாட்டியைத் திறந்து எண்ணைக் குறித்துக்கொண்டாள். பிறகு வரப்பில் ஓடினாள். நல்லவேளை, பாத்தியில் விழவில்லை.

தாத்தா தரையில் குந்தியிருந்தார். பனைமட்டையை வைத்துவிட்டிருந்தார். கை தானாகவே செய்த வேலை அது. அதன் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு" என்றார். "ஜோடி." பல் இல்லாததால் 'சோடி' என்று கேட்டது.

மட்டை காட்டிய திசையையும் அவள் போனில் அளந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து, வரைபடத்தில் இரண்டு கோடுகளையும் இழுத்தாள். வெட்டிக்கொண்டன. வெட்டிய இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அதைப் பெரிதாக்கித் தாத்தாவிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். புள்ளிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பழைய கிணற்றை அடையாளம் சொன்னார். பிறகு கேட்டார்.

"இத யாரெல்லாம் பாப்பா?"

பேராசிரியர் பார்ப்பார். தேர்வாளர் பார்ப்பார். நூலகத்தில் வைத்தால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவள் சொல்லச் சொல்ல, அவர் முகம் மாறுவதைக் கவனித்தாள்.

"அந்தப் புள்ளிய அழிச்சிரு பிள்ளே."

அவள் வாதாடவில்லை. வாதாட அவசியமும் இல்லை. உலகம் முழுக்க இயற்கை ஆர்வலர்கள் உயிரினங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலேயே ஆபத்தில் உள்ள இனங்களின் சரியான இடத்தை வெளியே காட்டுவதில்லை. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் பரப்புக்குள் எங்கோ ஒரு இடத்தில் புள்ளியை நகர்த்தி வைத்துவிடுவார்கள். எண்ணுபவருக்கு உதவுகிற புள்ளி வேட்டைக்காரருக்கும் உதவும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

படிவத்தில் 'எண்ணிக்கை' என்ற இடத்தில் 2 என்று எழுதினாள். 'இனம்' என்ற இடத்தில் நரி. 'கண்டறிந்த முறை' என்ற இடத்தில் ஊளை. 'இடம்' என்ற கட்டத்தில், ஆறுமுகநேரி சுற்றுவட்டாரம். வரைபடத்திலிருந்து இரண்டு கோடுகளையும் நீக்கினாள். தாத்தா பக்கத்திலேயே உட்கார்ந்து, நீக்கியாகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

விடியற்காலையில் ஆச்சி கதவைத் திறந்தபோது அவர் படுக்கையில் இல்லை. உப்பு வார ஆட்கள் வருவதற்கு முன்பே வரப்புக்குப் போய் மட்டையை எடுத்து வந்திருந்தார். அதை இரண்டாக முறித்து வெந்நீர் அடுப்புக்குள் வைத்துவிட்டு, "பிள்ளை எந்திச்சாச்சா?" என்று கேட்டார்.